ஒற்றைக் குழல்

உரிமம் என் பெயரில்தான்.
மூன்று தடவை சொல்லியாயிற்று.
ஆனாலும் கடைக்காரர் துப்பாக்கியைக்
கொழுந்தன் ஜஸ்டஸ் கையில்தான் கொடுக்கிறார்.
அவனும் வாங்கி, ஒரு கண்ணைப் பூட்டி,
கண்ணாடிக்கு வெளியே
மீனாட்சிபுரம் பஸ்களைக் குறிபார்க்கிறான்.

களியலில் எனக்கு எழுபது சென்ட் விளை.
பாதி ரப்பர், பாதி மரச்சீனி,
ஓரத்தில் நாற்பது மூடு ஏத்தன் வாழை.
சித்திரையில் ஒரே ராத்திரி,
நூற்றுப்பத்து மூடு மரச்சீனியைக்
கிளறிப் போட்டுவிட்டுப் போயிற்று பன்றி.
வி.ஏ.ஓ. வந்து எண்ணினார்.
வனத்துறைக்காரர் குளம்படியைப் படமெடுத்தார்.
நட்டத்தை எழுதிய தாள்
எந்த மேசையில் படுத்திருக்கிறதோ.

உரிமத்துக்குப் பதினொரு நடை, கலெக்டர் ஆபீசுக்கு.
"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?"
"பட்டா யார் பேர்ல இருக்குன்னு
பாருங்க சார்."

கையில் நாற்பதாயிரம்.
என் கணக்கில் அது
இருநூற்றிருபது கிலோ ஷீட்,
மழையில்லாத அதிகாலைகள் எத்தனையோ.

முதலில் காட்டியது வெளிநாட்டு இரட்டைக் குழல்.
வெள்ளித் தகட்டில் பறக்கும் வாத்துகள்.
விலையைக் கேட்டதும்
வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது பழசு, முப்பத்தெட்டு.
குளச்சலில் ஒரு டாக்டர் வைத்திருந்ததாம்,
"சுட்டதே இல்லை, பூ மாதிரி வச்சிருந்தாரு."
மடக்கித் திறந்து
டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
குழலுக்குள் பொடிப்பொடியாய்ப் புள்ளி.
கடற்காற்று.
சுடாமல் வைத்திருந்த இடத்திலும்
உப்பு வேலை பார்த்திருக்கிறது.
பூட்டி, காதோரம் குலுக்கினேன்.
உள்ளே ஏதோ இளகிப் பேசிற்று.

"புதுசு ஏதாவது?"

அரைமனதாய் எடுத்து வந்தார்.
ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர்,
வெளிறிய மரக்கட்டை, பூவேலை இல்லை,
விசை கொஞ்சம் முரடு.
இருபத்தொன்பது, வரி தனி.
"இதுல ஒரு வெடிதான் வரும், யோசிச்சுக்கிடுங்க.
தப்பிச்சுன்னா?"

இருபது வருசமாய் டாப்பிங் வெட்டுகிறேன்.
ஒரு மயிரிழை ஆழம் கூடினால்
கத்தி மரத்தைத் தொடும்;
அந்த இடத்தில் பட்டை முண்டு கட்டி
அடுத்த பத்து வருசம் என்னையே பார்க்கும்.
இரண்டாவது வெட்டென்று ஒன்று
என் தொழிலில் கிடையாது.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"பில் போடுங்க" என்றேன்.

"கொல்லக் கூடாது, தெரியும்லா?
பயங்காட்ட மட்டும்தான்."
தெரியும்.
ஜஸ்டஸ் மனசுக்குள் மட்டும்
ஒரு மிளா ஓடிக்கொண்டிருந்தது;
மசாலாவரை போய்விட்டான்.
அவன் கையிலிருந்து வாங்கி
நானே தோளில் வைத்துப் பார்த்தேன்.
பால் வாளியின் பாரத்தில் பாதி இல்லை.
ஆனால் கட்டை நீளம், கன்னம் எட்டவில்லை.
யாரோ ஆறடி ஆளை நினைத்துச் செய்தது.

"ஒரு இஞ்சு அறுத்துத் தாருங்க."
புதுத் துப்பாக்கியையா என்று
இரண்டு ஆண்களும் பதறினார்கள்.
பின்கட்டில் வாள் ஓடிற்று.
அறுத்த துண்டையும் கேட்டு வாங்கினேன்,
காசு கொடுத்த மரம்.
தோட்டா ஒரு பெட்டி,
மிச்சத்தில் பஸ்ஸுக்கும் இரண்டு டீக்கும்.

ஒரு வெடி வெடித்துப் பார்த்தேன், சாயங்காலம்.
தோள் இரண்டு நாள் கன்றியிருந்தது.
நான்காம் நாள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.

கடையாலுமூடு ஸ்டேஷனில்
சங்கிலி கோத்து நிற்கிற துப்பாக்கிகளோடு
என்னுடையதும் நின்றது,
எல்லாவற்றிலும் ஒரு இஞ்சு குட்டையாக.
ஏட்டு சீட்டு எழுதினார்.
"பேரு?"
"சுகந்தபாய்."
"வீட்டுக்காரர் பேரு?"
துப்பாக்கி நம்பரைச் சொன்னேன்.
அவரும் அதை எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி வாழைப்பக்கம்
மூச்சு கேட்டது.
டார்ச்சையும் எண்ணெய்த் தகரத்தையும் எடுத்துக்கொண்டு
இறங்கினேன்.
தட்டக் கம்பு அகப்படவில்லை,
அந்த மரத்துண்டுதான் கைக்கு வந்தது.
உள்ளங்கைக்கு
அளவெடுத்தது போல் இருந்தது.